எதையும் கேட்காத கடிதம்

அப்பா தவறிப் பதினோரு நாள் கழித்துக் கடையைத் திறந்தபோது ஷட்டருக்கு அடியில் இரண்டு தபால்கள் கிடந்தன. ராயபுரத்தில் எங்களுக்கு லாஞ்சு இன்ஜின் ஸ்பேர்ஸ் கடை. காசிமேட்டு விசைப்படகுகள்தான் முக்கால்வாசி வியாபாரம்.

முதல் தபால், இருபது வருஷமாக நாங்கள் சரக்கு எடுத்துவந்த ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. கெட்டியான லெட்டர்பேட். "தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த துயரம் அடைந்தோம்" என்று ஒரு பத்தி. அடுத்த பத்தி "மேலும்" என்று ஆரம்பித்து, எங்கள் கணக்கில் நிலுவை எவ்வளவு, அதை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று போனது. அப்பாவின் இனிஷியலும் தப்பு. பாக்கி இருந்தது உண்மைதான், கட்டிவிட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து அங்கே சரக்கு எடுப்பதில்லை.

இரண்டாவது, ஒரு இன்லேண்ட் லெட்டர். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற சின்னப் பட்டறைக்காரர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தார். "1998-ல் நான் அனுப்பிய பன்னிரண்டு பம்பில் மூன்றில் சீல் ஒழுகியது. உங்கள் அப்பா சத்தம் போடாமல் மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, மீதி ஒன்பதுக்கு அன்றைக்கே டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். பையன்களுக்கு அந்த வாரக் கூலியை அதில்தான் கொடுத்தேன்." அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

கருமாதிப் பத்திரிகை வந்தால் படித்ததும் கிழித்துப் போடுகிற வீடு எங்களுடையது. துக்கக் காகிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பார் அம்மா. அவரே இந்தக் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதை கல்லாவுல வை" என்றார். இன்றும் கல்லாவில்தான் இருக்கிறது.

வணிகக் கடிதப் பாடத்தில் இதற்கு நல்லெண்ணக் கடிதம், இங்கிலீஷில் குட்வில் லெட்டர் என்று பெயர். வாழ்த்து, நன்றி, பாராட்டு, இரங்கல், புதிதாக வந்தவருக்கு வரவேற்பு எல்லாம் இதில் சேரும். விலை விசாரிப்பு, ஆர்டர், வசூல், புகார் என்று மற்ற கடிதங்களுக்கெல்லாம் முடிக்க ஒரு வேலை உண்டு. இதை எழுதாமல் விட்டால் எந்த வேலையும் நிற்காது. அதனாலேயே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் யாரும் எழுதுவதில்லை.

பிளஸ் டூ படிக்கிற என் மகள் கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' பாடம் படித்துக்கொண்டிருந்தாள். இதற்கும் இங்கிலீஷில் குட்வில் என்றுதான் பெயர், ஒரு தொழிலின் நல்ல பேருக்கு உள்ள மதிப்பு. சராசரி இலாப முறை, உயர் இலாப முறை என்று கணக்குப் போட்டாள். நம் கடைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள். ஆடிட்டரிடம் விசாரித்தேன். கணக்குத் தரநிலை 26 என்று ஒன்று இருக்கிறதாம். அதன்படி நாமாக உழைத்துச் சேர்த்த நற்பெயரைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருவர் தொழிலை வாங்கும்போது அதற்கென்று கூடுதலாகக் கொடுத்த தொகை மட்டும்தான் ஏறும். அப்பா முப்பது வருஷம் சேர்த்தது எந்த லெட்ஜரிலும் இல்லை, கல்லாவில் இருக்கிற அந்த இன்லேண்ட் லெட்டரில் இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன்.

என் அபிப்பிராயம் இதுதான். நல்லெண்ணக் கடிதத்தில் எதையும் கேட்கக் கூடாது. "தங்கள் நல்லாதரவை என்றும் நாடும்" என்கிற வரியைக்கூட எடுத்துவிட வேண்டும். கடைத் திறப்பு விழா அழைப்பிதழில் அது இருக்கட்டும், அங்கே அதற்கு இடம் உண்டு. நன்றி சொல்கிற கடிதத்தில் அந்த வரி வந்தால், மேலே எழுதிய நன்றி முழுவதும் அதற்காகத்தான் என்று ஆகிவிடுகிறது. புது விலைப்பட்டியலை இணைப்பதும் வேண்டாம். அதை அடுத்த வாரம் தனியாக அனுப்பலாமே.

இன்னொன்று, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற கடிதம் யாருக்கும் எழுதியது ஆகாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லோகோவும் போன் நம்பரும் போட்ட வாழ்த்துப் படங்கள் வாட்ஸாப்பில் வந்து குவிகின்றன. வாட்ஸாப் மேல் எனக்குக் குறை இல்லை. "நீங்க அனுப்புன நாசில் செட் ஆயிடுச்சு, நேத்து ராத்திரியே கிளம்பிட்டோம்" என்று ஒருவர் வாய்ஸ் மெசேஜ் போட்டால் அதுவும் நல்லெண்ணக் கடிதம்தான். பம்ப், சீல், வாரக் கூலி மாதிரி, இருவருக்கும் நடுவில் நடந்த ஒரு விஷயம் உள்ளே இருக்க வேண்டும். சீக்கிரமும் எழுத வேண்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, நன்றியும் அப்படித்தான்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். லாஞ்சுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பது அப்போதுதான். எங்களுக்கு ஓயாத வியாபாரம், அதுவும் பெரும்பாலும் கடன். ஜூன் முதல் வாரத்தில் லாஞ்சு ஓனர்களுக்கு போஸ்ட் கார்டில் இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். "கியர் பாக்ஸ் மாத்தின பிறகு முதல் தரம் போறீங்க. நல்ல பாடு கிடைக்கட்டும்." பாடு என்றால் வலையில் விழுகிற மீன். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு எழுதுவதில்லை. ஒரு ராத்திரிக்குப் பத்துக் கார்டு ஓடும்.

ஒரு தடவை தப்பு செய்யப் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவு வந்து, முகத்துவாரத்தில் ஃபைபர் படகு, வலை எல்லாம் கறுப்பாகப் படிந்து போனது. அங்கே எங்களுக்குக் கொஞ்சம் வாடிக்கை உண்டு. "பாக்கியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மெதுவாகக் கொடுங்கள்" என்று எழுதி வைத்திருந்தேன். கடையில் கணக்கு எழுதுகிற அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "மெதுவா குடுன்னு சொன்னாலும் குடுக்கணும்னு ஞாபகப்படுத்தறதுதானே தம்பி" என்றார். அந்த வரியை அடித்தேன். படகு கழுவ ஆள் வேண்டுமென்றால் கடைப் பையன்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று மட்டும் எழுதினேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள், பையன்கள் போய் வந்தார்கள். பாக்கி விஷயத்தை அவர்கள் கடைக்கு வந்தபோது வாயால் சொல்லிக்கொண்டோம்.

காகிதத்தில் எழுதுவது ஏன் முக்கியம் என்பதும் அந்த மழையில்தான் எனக்கு உறைத்தது. மண்ணடியில் ஒரு லாரி ஆபீஸில் எங்கள் கியர் பாக்ஸ் பெட்டி மாட்டிக்கொண்டது. குடோனுக்குள் தண்ணீர். அங்கே வேலை பார்க்கிற லோடுமேன் ஒருவர், யாரும் சொல்லாமலே, அந்தப் பெட்டியை மற்ற மூட்டைகளுக்கு மேலே ஏற்றி, மேலே தார்ப்பாயும் போட்டு வைத்திருந்தார். டீ காசு கொடுத்தால் வாங்கவில்லை. சரி என்று அவர் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன பெட்டி, எந்த நாள், அவர் என்ன செய்தார், நனைந்திருந்தால் எங்களுக்கு என்ன நஷ்டம் என்று ஏழெட்டு வரி. ஒரு நகலை அவர் கையிலும் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த நகலோடு கடைக்கு வந்து நின்றார். எல்லாரும் கூப்பிடுகிற பெயரைத்தான் நான் எழுதியிருந்தேன்.

"ண்ணா, ஆதார்ல இருக்கற மாதிரி இனிஷியலோட முழுப் பேரு போட்டுத் தர்றீங்களா? வீட்ல பொண்ணு படிச்சுட்டு, இது யாருப்பான்னு கேக்குது."

பழையதை வாங்கிக்கொண்டு மறுபடி டைப் செய்தேன். ஆதார் கார்டை மேசை மேல் வைத்துவிட்டு, பிரிண்ட் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றார். வந்ததும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். அப்புறம் முதலாளிக்கும் ஒன்று இதே மாதிரி மாற்றித் தரச் சொன்னார். தந்தேன்.