நடுவில் ஆடுபவரைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள்

போன ஆவணியில் ஒரு ரிசப்ஷன். நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மாப்பிள்ளையும் பெண்ணும் புகைக்கு நடுவே ஆடிக்கொண்டே வருகிற ‘கப்பிள் என்ட்ரி’யை எங்கள் பையன் கிம்பலில் (கேமரா குலுங்காமல் பிடிக்கிற கைப்பிடி) எடுத்திருந்தான். நிறுத்தாமல் 40 விநாடி. டைம்லைனில் போட்டு மூன்றாவது தடவை ஓட்டும்போதுதான் கவனித்தேன். பெண்ணுக்குப் பின்னால் டைனிங் ஹால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே அவளுடைய அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த பந்திக்கு மேஜை மேல் பேப்பர் ரோலை உருட்டிக்கொண்டே போகிறார். பரிமாற ஆள் குறைந்திருக்க வேண்டும். லேசாக ஃபோகஸ் இல்லாமல், ஆனால் அவர்தான் என்று தெரிகிற அளவுக்கு.

அந்த ஷாட்டை வெட்டாமல் அப்படியே வைத்து அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துப் பெண்ணின் தம்பியிடமிருந்து போன். “அண்ணே, அந்தக் கதவு தெரியாம கட் பண்ணிருங்கண்ணே. பீட்டுக்குப் பீட்டு கட் விழுந்தாத்தான் நல்லாருக்கும்.” காசு கொடுப்பவர் சொல்கிறார், செய்துதான் ஆக வேண்டும். 40 விநாடி 11 துண்டானது. வீடியோ துள்ளியது. அப்பா காணாமல் போனார்.

அன்றிலிருந்து மனசில் ஓடுவதை எழுதி வைக்கிறேன். மியூசிக் வீடியோ பற்றிப் பேசும்போது கலர், காஸ்ட்யூம், ட்ரோன், ஸ்லோமோ என்று பேசுகிறோம். எனக்கென்னவோ அதெல்லாம் ரெண்டாம் பட்சம். முன்னால் நிற்பவரைக் காட்டிக்கொண்டே அவருக்குப் பின்னால் என்ன நடக்க விடுகிறார்கள், அதைப் பார்க்க நமக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பதில்தான் ஒரு வீடியோ தன் கருத்தைச் சொல்கிறது.

2018 மே மாதம் வந்த ‘திஸ் இஸ் அமெரிக்கா’ மியூசிக் வீடியோ நிறையப் பேர் பார்த்ததுதான். பாடியது சைல்டிஷ் கம்பீனோ என்ற பெயரில் அறியப்பட்ட அமெரிக்கர் டொனால்ட் குளோவர், இயக்கம் ஹிரோ முராய். ஒரு பெரிய வெற்றுக் கிடங்கு. சட்டை போடாமல் குளோவர் ஆடுகிறார். ஆட்டத்துக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் தலையில் சுடுகிறார். உடனே ஒரு பையன் ஓடி வந்து துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பத்திரமாக வாங்கிக்கொள்கிறான். செத்தவரைத் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். ஆட்டம் தொடர்கிறது. பிறகு ஒரு தேவாலயப் பாடகர் குழு. அவர்களையும் சுட்டுத் தள்ளுகிறார். 2015 ஜூனில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் 9 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது பலருக்கு நினைவு வந்தது அந்த இடத்தில்தான்.

இதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியம் கேமரா. அது ஆடுபவரை விட்டு அநேகமாக நகர்வதே இல்லை. பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து ஆடுகிறார்கள், ஆட்டமும் அப்படி ஓர் ஆட்டம், கண் அங்கேயேதான் நிற்கும். பின்னால் ஜனங்கள் தெறித்து ஓடுகிறார்கள், வண்டி எரிகிறது. ஒரு கட்டத்தில் முக்காடு போட்ட ஒருவர் வெள்ளைக் குதிரையில் பாய்ந்து போகிறார், கூடவே போலீஸ் வண்டி. விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில் மங்கின நிறமுள்ள குதிரையில் மரணம் ஏறி வரும். இங்கேயும் அதே மாதிரி வந்துவிட்டுப் போய்விடுகிறது, நாம் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முராய் நினைத்திருந்தால் குதிரைக்கு ஒரு குளோசப் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் “ஆகா, என்ன குறியீடு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். வைக்காததால் தவறவிட்டது நம் தலையில் விழுகிறது. பின்னால் சாவு, முன்னால் டான்ஸ், உன் கண் எங்கே என்று கேட்கிறது கேமரா. பாட்டும் அதையேதான் சொல்கிறது என்றாலும், வரிகளை மட்டும் கேட்டவருக்கு இந்தக் குற்ற உணர்வு வந்திருக்காது.

துண்டு துண்டாக வெட்டினால் இது நடக்காது என்பதுதான் என் கட்சி. வெட்டும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று எடிட்டர் முடிவு செய்துவிடுகிறார். நீளமான ஷாட்டில் அந்த வேலை, அந்தத் தப்பும் சேர்த்து, பார்ப்பவருடையது. (அந்த வீடியோவும் முழுக்க ஒரே ஷாட் இல்லை. ஒட்டிய இடம் தெரியாத நீளமான ஷாட்டுகள். எடிட்டரின் பெருமை அப்படியும் இருக்கலாம், யாரும் பார்க்காதபடி.)

ஒரே ஷாட் என்றால் மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக் குழுவின் ‘அன்ஃபினிஷ்டு சிம்பதி’. 1991, இயக்கம் பெய்லி வால்ஷ். லாஸ் ஏஞ்சலிஸில் வெஸ்ட் பிக்கோ என்று ஒரு சாதாரணத் தெரு. பாடகி ஷாரா நெல்சன் பாடிக்கொண்டே நடக்கிறார், கேமரா கூடவே போகிறது, அவ்வளவுதான். யாரையும் அவர் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தெருவும் அவரைக் கண்டுகொள்வதில்லை. மனசு உடைந்த ஒருவர் சாலையில் நடக்கும்போது ஊர் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு. ஒரு மழைக் காட்சியோ உடைந்த கண்ணாடியோ தேவைப்படவில்லை.

சரி, “அப்போ பீட்டுக்கு கட் போடுவதே தப்பா?” என்று நம் தொழில் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு ‘ஸ்டார் கிட்டார்’. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் இசை ஜோடியின் பாட்டு, 2002, மிஷேல் கோந்த்ரி எடுத்தது. ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியே தெரியும் காட்சி, முதலிலிருந்து கடைசி வரை அதுவேதான். தூண், வீடு, பாலம், தொழிற்சாலை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்: ஒவ்வொரு டிரம் அடிக்கும் ஒரு பொருள் ஜன்னலைக் கடக்கிறது. ஒரு புது ஒலி சேர்ந்தால் வெளியே ஒரு புதுப் பொருள் சேர்கிறது. ரயிலிலிருந்து எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிச் செய்த வேலை. பீட்டுக்கு ஒரு தூண்! கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கட் கிடையாது. ஜன்னலோர சீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும்போது வெளியே தந்திக் கம்பங்களெல்லாம் நம் பாட்டுக்கே ஓடுகிற மாதிரி தோன்றுமே, அந்தச் சிறுபிள்ளைத்தனமான சந்தோஷத்தை ஒரு மனுஷன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார். இதை முதலில் பார்த்த அன்று நான் வேலையே பார்க்கவில்லை.

கட் எனக்கு எதிரி இல்லை. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ வீடியோ முழுக்கக் கட்டுகள்தான். இயக்கம் மார்க் ரோமனெக். எழுபதைத் தொட்ட, உடம்பு முடியாத கேஷ் ஒரு பக்கம். கட் செய்தால் இளம் வயதில் ரயிலிலும் மேடையிலும் திமிராக நிற்கிற அதே ஆள் மறுபக்கம். நடுவே பூட்டிக் கிடக்கும் அவருடைய அருங்காட்சியகம். ஒவ்வொரு கட்டும் முப்பது நாற்பது வருஷத்தைத் தாண்டுகிறது. கட்டுக்கு அந்தத் தகுதி இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அதிலும் என்னை உலுக்கியது ஒரு பின்னணிதான். அவர் பாட, பின்னால் மாடிப்படியில் மனைவி ஜூன் நின்று அவரைப் பார்க்கிற பார்வை. 2003 மே மாதம் அந்த மனைவி இறந்துபோனார், செப்டம்பரில் கேஷும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படிக்கட்டில் நிற்பவரைத்தான் பார்க்க முடியும், பாடுபவரை முடியாது.

பின்னணியையே துடைத்து எடுத்தவர்களும் உண்டு. 1990இல் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓகானர் பாடிய ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’. ஜான் மேபரி இயக்கியது. மொட்டைத் தலை, கறுப்புச் சட்டை, கறுத்த பின்புலம், திரை முழுக்க அந்த முகம். இடையே ஒரு பூங்காவில் நடக்கிறார், அதை நான் மறந்தே போனேன். அம்மா பற்றிய வரி வரும்போது கண்ணீர் வழிகிறது. அவருடைய அம்மா 1985இல் கார் விபத்தில் இறந்தவர். அந்த நினைப்பில் வந்த அழுகை என்று ஷினேட்டே பின்னாளில் சொன்னார். அழுகை வந்த நேரம் கேமரா அங்கே இருந்தது, நகராமல் இருந்தது. அதுதான் அந்த வீடியோவின் ஒளிப்பதிவு.

நம் ஊரில் பாட்டுப் படம் என்றாலே சினிமாப் பாட்டுதான், அதில் பின்னணி என்பது பெரும்பாலும் அருவி, மலை, வெளிநாட்டுத் தெரு, இல்லாவிட்டால் ஐம்பது குரூப் டான்ஸர். அங்கே யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது. ஹீரோ தெளிவாகத் தெரிய வேண்டும். இதை மீறி என் மனசில் நிற்பது 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுத, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடியது. ரதீந்திரன் பிரசாத் இயக்கினார். கிருஷ்ணா கச்சேரிக்கு உட்காருகிற மாதிரியே பக்கவாத்தியத்தோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், ராகமாலிகை போகிறது. ஆனால் உட்கார்ந்திருக்கிற இடம் எண்ணூர். சபா மேடையில் பின்னால் ஸ்பான்சர் பேனர் தொங்கும் இடத்தில் இங்கே அனல் மின் நிலையம். கேமரா பெரிதாக ஒன்றும் வித்தை காட்டவில்லை. இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். பாட்டு ‘புறம்போக்கு’ என்ற சொல்லுக்கு மரியாதை கேட்கிறது. பின்னால் நிற்பது அந்தச் சொல்லை வசவாக்கிய பிறகு நடந்தது.

போன வாரம் ஸ்டுடியோ பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். ‘திஸ் இஸ் அமெரிக்கா’வைப் போனில் போட்டு, நடுவில் ஆடுபவரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அவர் நகர நகர விரலும் நகர வேண்டும். முதல் தடவை விரலை எடுத்துவிட்டான். “முடியலண்ணே, கண்ணு அங்கயே போகுது.” குதிரையைக் கண்டுபிடிக்க அவனுக்கு நாலு தடவை ஆனது. அப்புறம் அவனாகவே ஹார்டு டிஸ்க்கை மாட்டி, அந்த ஆவணி ரிசப்ஷனின் வெட்டாத 40 விநாடியை எடுத்துப் போட்டான். கிம்பலைப் பிடித்து எடுத்தவனே அவன்தான். டைனிங் ஹாலில் ஒருவர் இருந்தது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.