சதுர அடிக் கணக்கில் ஓவியரைத் தேடலாமா?

மேம்பாலத் தூணில் புது ஓவியம் வந்தால் "நல்லா இருக்கா இல்லையா" என்று சண்டை போடுகிறோம். இந்த ஓவியரை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஏனோ யாரும் கேட்பதில்லை.

சாலை போட, சாக்கடை வெட்ட விடும் அதே டெண்டரில் சுவரோவியத்தையும் விட்டால் என்ன ஆகும்? முன்வைப்புத் தொகை, டர்ன்ஓவர் கணக்கு, முன் அனுபவச் சான்று எல்லாம் ஒப்பந்ததாரரிடம் இருக்கும். கவின்கலைக் கல்லூரி முடித்துவிட்டு வந்த பிள்ளையிடம் இருக்காது. சதுர அடிக்குக் குறைந்த விலை சொன்னவர் வேலையை எடுத்து, அதே பிள்ளையை நாள்கூலிக்குச் சாரத்தில் ஏற்றிவிடுவார். படம்? கூகுளில் எடுத்த மயில்தான்.

2009, 2010 வாக்கில் அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க மாநகராட்சி ஓவியம் வரைய வைத்தது. ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முகத்தையே இரண்டு மாடி உயரத்துக்கு வரையத் தெரிந்த கைகளிடம் சுற்றுலாக் கையேட்டுப் படங்களைத்தான் வாங்கினோம். "உங்களுக்கு என்ன தோணுது, ஒரு ஸ்கெட்ச் கொடுங்க" என்று அவர்களிடம் கேட்டிருந்தால் அந்தச் சாலையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவகத்துக்கு 1981இல் திறந்த போட்டி வைத்தார்கள். 1,421 வடிவமைப்புகள் வந்தன. எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டும். எட்டு நடுவர்கள் தேர்ந்தெடுத்த படத்துக்கு உரியவர் மாயா லின், 21 வயதுக் கல்லூரி மாணவி. டர்ன்ஓவர் கேட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் வடிவமைத்த கறுப்புக் கல் சுவருக்குக் கடும் எதிர்ப்பும் வந்தது. சமாதானமாக, மூன்று வீரர்களின் சிலையைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சுவர் நின்றது.

அப்படியானால் நிபுணர் குழு போதுமா என்றால், போதாது. நியூயார்க்கில் ஒரு மத்திய அரசு அலுவலக வளாகத்தின் முன்னால் சதுக்கத்தில், 1981இல் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் இரும்புச் சுவரை நிறுத்தினார்கள். நீளம் 120 அடி, உயரம் 12 அடி. தேர்ந்தெடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். தினமும் அந்தச் சதுக்கத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கொதித்தார்கள். 1985இல் பொது விசாரணை வைத்துக் கருத்துக் கேட்டார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் சிற்பம் இருக்கட்டும் என்றே சொன்னார்கள். அப்படியும் 1989இல் அறுத்து எடுத்துப் போனார்கள். செர்ராவின் பக்கம்தான் என் மனசு. ஆனால் அந்த ஊழியர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சிலை இல்லாமல் காலியாகக் கிடந்த நான்காவது பீடத்தில் வைக்கும் படைப்பைத் தேர்ந்தெடுக்க இப்போது செய்வது எனக்குப் பிடித்த வழி. இறுதிச் சுற்றுக்கு வந்த மாதிரி வடிவங்களை முதலில் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். பிறகு குழு முடிவெடுக்கிறது. திட்டுகிறவர்கள் முன்னாடியே திட்டிவிடலாம்.

(மெரினா உழைப்பாளர் சிலைக்குப் போட்டியா வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அதைச் செய்தவர், சென்னை அரசு ஓவியப் பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் மாதிரி ஒருவர் ஊரில் இருந்தால் நானும் போட்டி கேட்க மாட்டேன்.)

இதையெல்லாம் சொன்னால் "ஆடிட்டில் மாட்டிக்குவோம், குறைந்த விலைக்குத்தான் கொடுக்கணும்" என்பார்கள். சரி, விலையைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். இந்தச் சுவருக்கு இவ்வளவு ரூபாய் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, யாருடைய வரைவு நல்லது என்று மட்டும் பாருங்கள். பெயரை மறைத்து எண் போடுங்கள். கடைசிச் சுற்றுக்கு வரும் நாலைந்து பேருக்கு வரைவுக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். இலவசமாக ஸ்கெட்ச் கேட்கும் பழக்கத்தை அரசாங்கமாவது விடட்டும். தேர்வுக் குழுவில் இரண்டு ஓவியர்கள் இருக்கட்டும். சுவருக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரும் இருக்கட்டும், அவர்தான் அதைத் தினமும் பார்க்கப் போகிறவர். கவுன்சிலர் திறப்பு விழாவுக்கு வந்தால் போதும்.