ஊர்ப் பிள்ளைதானே, வாசிப்பான்

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் "வெளிநாட்டுக் காற்றுப் பட்டதும் தம்பிக்குக் கை கனத்துப் போயிற்று" என்று ஒருவர் எழுத, அதன் கீழே என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்கூடச் சிரிப்பு முகம் போட்டிருப்பதைக் கண்ட பிறகு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர்கள் சொன்னதே உண்மை என்றாகிவிடும். சரஸ்வதிக்கு எடுக்கும் அந்த வாணி விழாவின் நோட்டீசையும், ஒலிவாங்கிப் பேச்சின் காணொளியையும் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்காமலே விழாவில் நான் மிருதங்கம் வாசிப்பேன் என்று நோட்டீசில் போட்டதும், நான் வரமாட்டேன் என்றதும் காசு கேட்டேன் என்று ஒலிவாங்கியில் சொன்னதும்தான் விடயம். ஆகையால் அவற்றை நான் மறுபடி இங்கே போடவில்லை. விழாவை நடத்திய சபையின் பெயரைச் சொல்லப்போவதும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். என்னை யாரும் கேட்கவில்லை. நோட்டீசில் என் படம் வந்திருப்பதை நான் அறிந்தது, சுவிஸில் இருக்கும் மச்சான் ஒருவர் அதை எனக்கே அனுப்பி "வாழ்த்துகள்" என்று எழுதியபோதுதான். "சிறப்பு மிருதங்கம்" என்று போட்டு, என் பெயருக்கு முன்னால் எனக்கு இன்றுவரை யாரும் தராத ஒரு பட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். பட்டம் இலவசம்தானே, போட்டுவிட்டார்கள். அப்போது நான் மட்டக்களப்பில், கல்லடியில், அம்மா வீட்டில், சபையினரில் பாதிப் பேருடைய வீடுகளிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில்தான் இருந்தேன். ஒருவரும் வரவில்லை. மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது. "தம்பி, ஆறு மணிக்கு வந்தாப் போதும். வாகனம் வேணுமெண்டாச் சொல்லுங்க." இதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வதா, அறிவித்தல் என்று எடுத்துக்கொள்வதா?

தொலைபேசியில் பேசியவரிடம் நான் காசு கேட்டதாகத்தான் அன்று மாலை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். நான் கேட்டவை மூன்று கேள்விகள். பாடுவது யார்? சுருதி என்ன? வழமையாக உங்களுக்கு வாசிக்கும் ஆசிரியர் எங்கே? முதல் இரண்டுக்கும் "அதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா தம்பி" என்று பதில் வந்தது. மூன்றாவதுக்குப் பதிலே வரவில்லை.

சுருதியைக் கேட்டது வீம்புக்காக என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிருதங்கம் எல்லாக் குரலுக்கும் ஒன்றாக ஒலிக்கும் பொருள் அல்ல. குரலின் சுருதியைக் கட்டை என்று அளப்போம். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்குத் தாழ்ந்த ஒலியுள்ள தக்குச் சுருதி மிருதங்கம் வேண்டும், ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அதைவிடக் குட்டையான, உயர்ந்த ஒலியுள்ள எச்சுச் சுருதி மிருதங்கம் வேண்டும். ஒன்றை மற்றதன் சுருதிக்கு வாரை இழுத்து, மரத்துண்டால் அடித்து ஏற்றப் பார்த்தால், ஒன்று நாதம் செத்துப் போகும், அல்லது வலப்பக்கத் தோலான வலந்தலை கிழியும். என்னுடைய எச்சு மிருதங்கம் அந்தக் கிழமை தோல் மாற்றுவதற்காக யாழ்ப்பாணம் போயிருந்தது. வீட்டில் இருந்தது தக்கு. பாடவிருந்தவரோ ஐந்தரைக் கட்டை என்று நானாகவே விசாரித்து அறிந்துகொண்டேன். ஒரு வார்த்தை முன்னரே கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

"ஊருக்கு வந்தவர் ஒரு மணித்தியாலம் வாசித்தால் என்ன தேய்ந்தா போய்விடுவார்?" என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். கோபித்து எழுதவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்கிறார். அவருக்காக எழுதுகிறேன். ஆடி தொடங்கிப் புரட்டாதி வரை இலண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று எங்கள் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் சனி ஞாயிறு தவறாமல் நடக்கும். ஓர் அரங்கேற்றம் என்றால் மேடையில் மூன்று மணித்தியாலம், அதற்கு முன் ஆடும் பிள்ளையின் வீட்டு நிலவறையில் இரண்டு மூன்று நாள் ஒத்திகை. வர்ணம் என்ற பெரிய உருப்படியின் தீர்மானங்கள், அதாவது தாள முத்தாய்ப்புகள், பிள்ளையின் காலோடு ஒட்டும் வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். திங்கட்கிழமை விமான நிலையம். 23 கிலோப் பொதிக்குத்தான் அனுமதி என்றால், மிருதங்கமும் அதன் பெட்டியுமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் என் வேட்டி சட்டையெல்லாம். அவுஸ்திரேலியா போனால் தோல் என்று கண்டதும் தனியே கூப்பிட்டுத் தட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். குளிர் நாட்டில் சூடேற்றிய அறைக்குள் தோல் காய்ந்து சுருதி தானாக ஏறும். நம் ஊரில் ஐப்பசி மழை தொட்டதும் அதே தோல் ஈரத்தைக் குடித்து இறங்கும். இரண்டுக்கும் நடுவே அதைப் பழக்கிக்கொண்டிருப்பதுதான் என் பாதி வாழ்க்கை. ஊருக்கு வரும்போது வலது சுட்டுவிரலின் நுனி வெடித்து, சோறு பிசைந்தால் புளி எரியும். அம்மா கரண்டி எடுத்துத் தருவார். தயிரை மட்டும் கையால் சாப்பிடுவேன்.

ஆகவே அக்கா, தேய்ந்துதான் போகிறோம். அது இருக்கட்டும். தேய்ந்தாலும் வாசித்திருப்பேன், கேட்டிருந்தால்.

அடுத்தது சரஸ்வதி. "கலைமகளுக்குச் செய்யும் தொண்டுக்குக் கூலியா?" என்று ஒருவர் மிக உருக்கமாக எழுதியிருக்கிறார். ஐயா, தொண்டு என்றால் எல்லோருக்கும் தொண்டாக இருக்க வேண்டும். அன்று ஒலிபெருக்கி போட்டவர் முற்பணம் வாங்கிக்கொண்டுதான் பெட்டிகளை இறக்கினார். சோடனைக்காரருக்கும், கதிரை கொண்டு வந்தவருக்கும், சிற்றுண்டி கட்டித் தந்தவருக்கும் காசு போயிற்று. போக வேண்டும், அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள். கலைமகளின் விழாவில் கலைமகளின் காரியத்தைச் செய்கிறவன் ஒருவன்தான் தொண்டு செய்ய வேண்டியவனாக எஞ்சுகிறான். அவனுக்குப் பொன்னாடை. என் அம்மாவின் அலுமாரியில் பொன்னாடைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. கடைக்காரர் ஒருவரும் அவற்றை வாங்கிக்கொண்டு அரிசி தருவதாக இன்னும் சொல்லவில்லை.

நான் காசு கேட்கவில்லை என்று மேலே சொன்னேன், இது காசுப் பிரச்சினையே அல்ல. காசுப் பேச்சை எடுத்தது அவர்கள். எடுத்த பிறகு பதில் சொல்லாமல் விட்டால், அதையும் குற்றமாக எழுதுவார்கள்.

"பக்கவாத்தியக்காரனுக்கு இவ்வளவு ரோஷமா?" என்பதையும் வாசித்தேன். எழுதியவர் நகைச்சுவை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். அது நகைச்சுவைக்குள் ஒளிந்திருக்கும் பழைய வியாதி. சென்னை மியூசிக் அக்கடமி சங்கீத கலாநிதிப் பட்டத்தை 1942இல் வழங்கத் தொடங்கியது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. மணி ஐயருக்கே அத்தனை காலம் என்றால் எங்கள் போன்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டுமா? இத்தனைக்கும் இது தவில்மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை ஈன்ற நாடு. 1975இல் அவர் மறைந்தார். அவருடைய தனி ஆவர்த்தனத்தை, பாட்டு நிற்க வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை, கேட்பதற்காகவே கோயில் வீதியில் விடிய விடிய இருந்த சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று எங்களைப் பார்த்துப் "பக்கத்தில் தட்டுகிறவர்" என்கிறார்கள்.

அன்றைய விழாவில் சிறப்புரை ஆற்றியவர், காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றியும் பழந்தமிழரின் யாழ் என்ற நரம்பு வாத்தியத்தை ஆராய்ந்து அவர் எழுதி 1947இல் வெளிவந்த யாழ் நூலைப் பற்றியும் வெகு நேரம் பேசினார் என்று கேள்விப்பட்டேன். நல்ல பேச்சாம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. வழக்கொழிந்த யாழுக்காகக் கண் கலங்கும் மண்டபத்துக்கு, கண் முன்னால் வாசிப்பவனிடம் "வருவீர்களா" என்று ஒரு சொல் கேட்க நேரமில்லை.

"இந்த மண் தந்த கலை, மண்ணுக்குக் கொடுக்க மாட்டீரோ?" என்பதற்கு வருகிறேன். எனக்கு உறைத்தது இதுதான், ஏனென்றால் இந்த மண்ணில் அப்படி வழக்கமே இருந்ததில்லை. என் பெரிய மாமா வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர். வடமோடி, தென்மோடி இரண்டு வகைக் கூத்தும் பழக்குவார், மத்தளமும் அவரே. ஓர் ஊரார் அந்த வருடம் கூத்துப் போட நினைத்தால், பெரியவர்கள் நாலைந்து பேர் வெற்றிலை வட்டாவோடு மாமாவின் வீட்டுக்கு வருவார்கள். திண்ணையில் இருந்து, மழை, வேளாண்மை, எருமைக் கன்று எல்லாம் பேசி முடித்த பிறகு, "அண்ணாவியார் வந்து பழக்கித் தரவேணும்" என்று ஒருவர் சொல்வார். மாமா வெற்றிலையை எடுத்தால் சம்மதம். அதன் பிறகுதான் ஆடுகிறவர்களுக்குப் பாகம் பிரித்துச் சட்டம் கொடுப்பது, சதங்கை கட்டுவது, முழு ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பது, அரங்கேற்றம் எல்லாம். அவர்கள் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று, மாமன் மச்சான் முறைக்காரர். "நம்மட ஆள்தானே, வருவார்" என்று கூத்து மேடையான களரியைக் கட்டி வைத்துவிட்டு ஆள் அனுப்பியதை நான் கண்டதில்லை. உறவு நெருங்க நெருங்கக் கேட்கும் முறையும் கூடியது. கூத்து முடிந்த விடியலில் மாமாவுக்கு வேட்டியும் சால்வையும் கொடுத்து, கையில் வைப்பதையும் வைத்து, வண்டிலில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அந்த ஊர்களில் அப்போது காசு எங்கே இருந்தது? இன்று மண்டபத்துக்குக் குளிரூட்டி பூட்டியிருப்பவர்கள்தான் "எங்களிடம் நிதி இல்லை" என்கிறார்கள்.

போரும் சுனாமியும் கண்ட மாவட்டம், மக்களிடம் இல்லை என்பதும் உண்மைதான். இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். இல்லாத இடங்களில் நான் வாசித்திருக்கிறேன், கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு நாளில் மண்ணில் பாய் விரித்தும் வாசித்திருக்கிறேன். அங்கே கேட்டார்கள்.

இனி அந்த ஆசிரியரின் விடயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் ஆத்திரத்தில் என் கதையே முந்திக்கொண்டது. அவர் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிறார். விபுலாநந்தர் பெயரிலான கல்லடி நிறுவகத்தில் முறையாகப் படித்துத் தேறியவர். மிருதங்கத்தைத் துணி உறையில் போட்டு முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடந்து வந்து, வருடா வருடம் அந்தச் சபையின் வாணி விழாவுக்கு வாசித்துப் போனவர். இந்த வருடம் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது. "இம்முறை வெளிநாட்டிலிருந்து கலைஞர் வருகிறார், நீங்கள் சிரமப்பட வேண்டாம்." அந்தக் கலைஞர் நான்! எனக்கே தெரியாமல் என் பெயரால் இன்னொருவனின் பாயைச் சுருட்டியிருக்கிறார்கள். நான் வரவில்லை என்றதும், பின்னேரம் நாலு மணிக்கு அதே ஆசிரியரைக் கூப்பிட்டு "எப்படியாவது வந்து காப்பாற்றுங்கள் சேர்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர் போனார். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

அவர் வாசித்ததைக் காணொளியில் முழுவதும் பார்த்தேன். மண்டபத்துக்குள் இருந்த எவராவது கவனித்தீர்களா என்று தெரியவில்லை. ஒலி கனப்பதற்காக இடப்பக்கத் தோலான இடந்தலையில் ரவைப் பசை அப்ப நேரம் போதாமல், திரைக்கு ஓரமாக நின்று ஈர விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பாடகி இரண்டாவது கீர்த்தனையில் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, விட்டு ஓடியபோது, பார்வையாளர் ஒருவருக்கும் தெரியாமல், ஓர் ஆவர்த்தனத்துக்குள், அதாவது ஒரு தாளச் சுற்றுக்குள், அவரைத் திரும்பத் தாளத்துக்குள் இழுத்து வந்தார். அது இலேசான வித்தை அல்ல. தனி ஆவர்த்தனத்துக்கு "நேரம் போதாது" என்று கையைக் காட்டிவிட்டார்கள். சிறப்புரைக்கு நேரம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விழா அல்பத்தில் குத்துவிளக்கு ஏற்றியவர்கள் அத்தனை பேரும் தனித்தனியே இருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு படத்தில் இருக்கிறார், அதிலும் பாதி முகம், மறுபாதியை ஒலிவாங்கித் தண்டு மறைக்கிறது.

"உங்களை மதித்துத்தானே படம் போட்டார்கள், இதற்கும் கோபமா?" என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? விமானத்தில் வந்தால் மதிப்பு, மோட்டார் சைக்கிளில் வந்தால் குறுஞ்செய்தி. நாளைக்கு நான் இங்கேயே வந்து தங்கி ஒரு பாடசாலையில் வேலை எடுத்துக்கொண்டால், அடுத்த வருடம் இதே குறுஞ்செய்தி எனக்கு வரும். நோட்டீசில் போட்ட பட்டமும் போய்விடும். நிரந்தரமாக ஊருக்கு வந்துவிடு என்று அம்மா சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவதன் காரணம் இதுதான், அம்மாவிடம் சொன்னதில்லை.

இன்னும் ஒருவர், "இதையெல்லாம் பொதுவில் எழுதாமல் நேரில் பேசியிருக்கலாம்" என்று அறிவுரை கூறியிருக்கிறார். என்னைப் பற்றி ஒலிவாங்கியில் சொன்னவர் என் வீட்டுத் திண்ணையில் வந்திருந்தா சொன்னார்?

ஞாயிற்றுக்கிழமை உதயதேவி ரயிலில் கொழும்பு போகிறேன். மார்கழி முழுவதும் சென்னையில் வேலை. தைப்பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன், அப்போது எச்சு மிருதங்கமும் தோல் மாற்றி வந்திருக்கும். பொங்கல் விழாவுக்கு நோட்டீஸ் அச்சடிக்க முன்னர் யாராவது வீட்டுக்கு வந்தால், பாடுவது யார், சுருதி என்ன, ஆசிரியருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று அப்போதும் கேட்பேன். அவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதுவே எனக்கும் போதும், ஆனால் அவருக்கு முதலில் கொடுங்கள்.