முதலில் மாறுவது தடுப்பாட்டம்தான்
ஹாக்கி அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்தால் முதல் மாதத்திலேயே கோல் மழை பொழியும் என்கிறது இந்தக் கட்டுரை; என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் மாறுவது தடுப்பாட்டம்தான். 2023-ல் இந்திய ஆடவர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த கிரெய்க் ஃபுல்டன் வலியுறுத்தியதே அதைத்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் நம் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸ் இரண்டாவது கால்பகுதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி ஆட்டம் முழுக்க 10 பேரோடு பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி, ஷூட்அவுட்டில் 4-2 என ஜெயித்தார்களே, அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்தில் வந்ததல்ல. லீக் அணிகளுக்கோ முகாம் சில நாள்தான். அதற்குள் சீர்செய்யக்கூடியது பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் கோல் பக்கம் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு. பின்கோட்டிலிருந்து தள்ளிவிடும் பந்து தரையோடு வராமல் துள்ளினால் நிறுத்துபவர் தடுமாறுவார். அதற்குள் எதிரணியின் முதல் ஆள் ஓடிவந்து கோலை நோக்கிச் சுண்டிவிடும் ஃபிளிக்கை மறித்துவிடுவார். தள்ளுபவர், நிறுத்துபவர், அடிப்பவர் மூவரையும் மாற்றாமல் தினமும் சேர்ந்தே பழகவிட்டால் பலன் சீக்கிரம் தெரியும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது எல்லோரும் சேர்ந்து நெருக்கும் பிரஸ்ஸிங் அப்படியில்லை, ஒருவர் பிந்தினாலும் நடுக்களம் திறந்துகொள்ளும். மேலே கருத்து எழுதியிருக்கும் தேவகோட்டை நண்பர் ‘நம்ம பசங்களுக்கும் வெளிநாட்டுக் கோச் வந்தால் போதும்’ என்கிறார். நம்ம பசங்க ஆடும் செம்மண் தரையில் பந்து துள்ளும், அதனால் நிறுத்திவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கப் பழகுகிறார்கள். நனைத்த செயற்கைப் புல்தரையில் ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாரம் 2 நாளாவது அந்தத் தரை கிடைக்கட்டும், கோச்சைப் பற்றி அப்புறம் பேசலாம்.