புதன்கிழமை, மாலை 7 முதல் 9 வரை

சனிக்கிழமை இரவு எங்கள் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்கப் புதன்கிழமைகளில் மாலை 7 முதல் 9 வரை மட்டுமே என்னால் ஒதுக்க முடியும் என்று எழுதியிருந்தேன். "உண்மையான ஆர்வம் இருப்பவர்களுக்கு நேரம் தானாகக் கிடைக்கும்" என்று இரவு 11 மணிக்குப் பதில் வந்தது. அதன் கீழே கைதட்டல் குறிகள். எண்ணிப் பார்த்தேன், 14.

நான் "முடியாது" என்று சொல்லவில்லை, "இவ்வளவு முடியும்" என்றுதான் சொன்னேன். ஒரு சொல்லின் நுட்பத்தை வைத்து ஒரு மணி நேரம் விவாதிக்கிற வட்டத்துக்கு இந்த வேறுபாடு மட்டும் பிடிபடாமல் போனது எப்படி?

இதே பாட்டை நான் அலுவலகத்தில் ஏற்கெனவே பட்டவன். ஒரு வெள்ளிக்கிழமை, கிளம்புகிற நேரத்தில் "ஐந்து நிமிட வேலைதான், மிக அவசரம்" என்று வந்த அறிக்கையை நள்ளிரவு 1 மணிக்கு முடித்து அனுப்பினேன். அந்தச் செய்தியின் குறி நீலமானது செவ்வாய்க்கிழமை மதியம். அதன்பிறகு, வேலையே நின்றுபோகும் நிலை என்றால் மட்டும் இரவில் அழையுங்கள் என்று மேலாளரிடம் பணிவாகச் சொன்னேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்த வேலையும் நின்றுபோகவுமில்லை.

நாளுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பைத் தொழிற்சாலைகளுக்கு 1919-லேயே உலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை வகுத்துவிட்டது. பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இருக்கிறது. விருப்பக் குழுக்களுக்கு அப்படி எதுவும் கிடையாது, அங்கே ஆள்வது முகதாட்சண்யம் ஒன்றுதான். சம்பளம் தருபவரிடம் "நேரமாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம், "நம்ம குழு" என்பவரிடம் அதையே சொன்னால் துரோகி.

"எல்லோரும் இப்படிக் கணக்குப் பார்த்தால் மலர் எப்படி வெளிவரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கைதட்டிய 14 பேரும் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் 28 மணி நேரம் ஆகிறது, மலர் தாராளமாக வெளிவரும். "பெரிய ஆளாகிவிட்டார்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் "முன்பெல்லாம் இரவு முழுக்க உட்கார்ந்தீர்களே" என்று ஒருவர் கேட்டார், அதுதான் தைத்தது.

ஆம், உட்கார்ந்தேன். சென்ற ஆண்டு மலருக்காக மூன்று இரவுகள் விடியும்வரை ரகர றகரம் திருத்தினேன், கேட்காமலே முன்வந்து செய்தேன், மகிழ்ச்சியாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. மலர் கைக்கு வந்ததும் நன்றியுரைப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். என் பெயரில் எழுத்துப்பிழை. அந்த ஒரு பக்கம் மட்டும் என் பார்வைக்கு வராமலே அச்சுக்குப் போயிருந்தது. அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன், அதுவும் சொல்ல வைத்துவிட்டீர்கள் என்பதால்.

இந்த ஆண்டு 38-ஆம் பக்கம் வரை திருத்தி அனுப்பிவிட்டேன். மீதியைப் புதன்கிழமை 7 மணிக்குத் திறப்பேன். இம்முறை நன்றியுரைப் பக்கத்தையும் அதோடு சேர்த்து அனுப்பி வையுங்கள்.