தைக்கால் போட்டோவோடு நின்றுவிடாதீர்கள்

மாசி மகம் நெருங்கினால் போதும், கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் வழியில் தைக்கால் தர்காவுக்கு முன்னால் நிற்கும் அந்தப் போட்டோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழும். தொப்பி போட்ட பெரியவர்கள் மாலையும் தட்டுமாக நிற்பார்கள், பட்டாச்சாரியார்கள் வாங்கிப் பெருமாளுக்குச் சாத்துவார்கள், கீழே 'மத நல்லிணக்கம்' என்று ஒரு வரி, அதுக்கும் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அரைமணி நேரம் கழித்து ஒரு கோஷ்டி "பெருமாளை ஏன்யா தர்கா வாசலில் நிறுத்துறீங்க" என்று சண்டைக்கு வரும், இன்னொரு கோஷ்டி அவர்கள் வாயை அடைக்க அதே போட்டோவைத் திரும்ப அனுப்பும். இரண்டு பக்கத்திலும் பாதிப் பேர் ஸ்ரீமுஷ்ணத்து மண்ணை மிதித்தே இருக்க மாட்டார்கள், பந்தயம் கட்டத் தயார்.

எனக்கு இதில் இருக்கிற வருத்தமே வேறு. பெருமாள் ஊரை விட்டுக் கிளம்பிக் கடலுக்குப் போய்த் தீர்த்தவாரி, அதாவது கடல் நீராட்டு, முடித்துத் திரும்புவது ஒரு மணி நேரச் சமாச்சாரம் இல்லை. வழிநெடுக ஊர்கள், ஊருக்கு ஊர் மண்டகப்படி, இந்தத் தெருக்காரர் பந்தல், அந்த வகையறா நைவேத்தியம் என்று பரம்பரையாக வருகிற முறைகள். எங்கள் பெரியம்மா வீட்டுப் பக்கம் பெருமாள் வருகிறார் என்றால் முதல் நாளே வாசலுக்குச் சாணம் தெளித்துத் தெருவடைக்கக் கோலம் போட்டுவிடுவார்கள், அன்றைக்கு வெளியூர் வேலை எதுவும் கிடையாது. தைக்காலில் நடப்பதும் இதே வரிசையில் வருகிற ஒன்றுதான். அங்கே இருக்கிறவர்கள் யாருக்கும் எதையும் நிரூபிப்பதற்காக நிற்கவில்லை. பெருமாள் நம்ம ஊர் வழியாப் போறார், மரியாதை செய்வது நம்ம முறை, அவ்வளவுதான். மாலை சாத்துகிறார்கள், பாத்தியா என்கிற குர்ஆன் பிரார்த்தனை ஓதுகிறார்கள், பிரசாதம் கை மாறுகிறது, பெருமாள் கிளம்புகிறார். அவர்களைப் பார்த்து "ஆஹா எவ்வளவு பெரிய மனசு" என்று நாம் உருகுவது, அவர்கள் வீட்டு விசேஷத்திலேயே அவர்களை விருந்தாளி ஆக்குவது மாதிரி. பெரியம்மா கோலம் போட்டதற்கு யாராவது பெரிய மனசு என்று பாராட்டினார்களா?

இதற்குப் பின்னால் ஒரு கதையும் சொல்வார்கள். நோயில் கிடந்த நவாப் ஒருவருக்குப் பெருமாள் தீர்த்தமும் பிரசாதமும் கொடுத்து குணமாகி, அந்த நன்றிக்குக் கிள்ளைப் பக்கம் நிலம் எழுதி வைத்தார் என்று. ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. கதையை விட, விடாமல் நடக்கிறதே அந்த நடப்பு, அதுதான் எனக்குப் பெரிசு. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிள்ளைக் கடற்கரை 2004 சுனாமியில் என்ன பாடு பட்டது என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கரைக்குத்தான், முழுக்குத்துறைக்குத்தான், பெருமாள் இன்றைக்கும் தீர்த்தவாரிக்குப் போகிறார்.

சரி, கோயிலுக்கு வருவோம். தானாகத் தோன்றிய எட்டு விஷ்ணு தலங்கள் என்று ஒரு வரிசை உண்டு, ஸ்ரீரங்கம், திருப்பதி, வானமாமலை, பத்ரி எல்லாம் வரும் வரிசை, அதில் நம்ம ஸ்ரீமுஷ்ணமும் ஒன்று. ஆனால் ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசத்தில் இல்லை. அதனாலேயே டூர் பஸ்காரர்கள் கண்டுகொள்வதில்லை, ஒருவகையில் நிம்மதி! மூலவர் சாளக்கிராமத் திருமேனி, பெரிய உருவம் இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு உடம்பு மேற்கே பார்க்க முகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருப்பார். பூமியைக் கவர்ந்த அசுரன் ஹிரண்யாட்சனை முடித்துவிட்டு "அடுத்து யாருடா" என்று திரும்பிப் பார்க்கிற தோரணை என்று எனக்குப் படும். இது என் கற்பனை, தல புராணத்தில் தேடாதீர்கள்.

இங்கே கோரைக்கிழங்கு பிரசாதம் விசேஷம். வயல்காட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வரப்போரம் பன்றி புகுந்தால் முதலில் கிளறித் தின்பது கோரைக்கிழங்கைத்தான். பிடுங்கி மாளாத களை, விவசாயிக்கு எமன், நசுக்கினால் மண்ணும் மருந்தும் கலந்த ஒரு வாசனை. வராகமாக, அதாவது பன்றி உருவில், வந்த சாமிக்கு அதையே இடித்துப் படைத்தவனுக்குச் சேற்றில் இறங்கிய அனுபவம் இருந்திருக்க வேண்டும். முந்திரி திராட்சை போட்ட எந்தப் பிரசாதமும் எனக்கு இதற்கு ஈடில்லை.

அப்புறம் கோயிலுக்குள் இருக்கும் புருஷசூக்த மண்டபம். நாயக்கர் காலத்து வேலை, குதிரை மேல் வீரர்கள் பாய்கிற தூண்கள். குதிரையின் கடிவாளம், வீரன் உடுப்பின் மடிப்பு, எல்லாம் கல்லில். பெருமாளைச் சேவிக்கிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டி ஓடுகிறார்கள், சிலர் அந்தத் தூணிலேயே விபூதி குங்குமக் கையைத் துடைத்துவிட்டும் போகிறார்கள். இதைத் தட்டிக்கேட்டால் நம்மைத்தான் முறைப்பார்கள். மதத்துக்காக ஆன்லைனில் இரவெல்லாம் சண்டை போடுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்தத் தூண் பக்கம் நின்று "கையைத் துடைக்காதீங்க" என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

போக நினைப்பவர்களுக்கு: விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் பஸ் இருக்கிறது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். பக்கத்திலேயே நித்தீஸ்வரர் கோயிலும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள். குழுவில் போட்டோ போடுவதானால் இந்தத் தடவை மண்டபத்துக் குதிரையைப் போடுங்கள், தைக்கால் போட்டோ எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிறது.