பட்டிக்காட்டைப் பார்த்த பட்டணத்தான்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து 'லோக்கல் ஹீரோ' படத்தைப் போட்டேன். 1983-இல் வந்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். எழுதி இயக்கியவர் பில் ஃபோர்சைத். எனக்கு இது வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டிய படம். படம் முடிந்தபோது அத்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "இதுல கதை எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா. அவள் மகள் மட்டும் ஒன்றும் பேசாமல் ரிமோட்டை எடுத்துக் கடைசி இரண்டு நிமிடத்தை மறுபடி ஓட்டினாள்.

அவர்கள்மேல் கோபமில்லை. இந்தப் படத்தை யாருக்குக் காட்டினாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் கண்கலங்குவார், இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

கதை இதுதான். ஹூஸ்டனில் ஒரு பெரிய எண்ணெய் கம்பெனி. வடகடல் எண்ணெயைச் சுத்திகரிக்க ஆலை கட்டவேண்டும். அதற்காக ஸ்காட்லாந்தில் ஃபெர்னஸ் என்ற கடலோரக் கிராமத்தையே விலைக்கு வாங்க மெக்கின்டயர் என்பவனை அனுப்புகிறார்கள். பெயர் ஸ்காட்லாந்துப் பெயர், அதனால் இவனே சரியான ஆள் என்பது மேலிடத்தின் கணக்கு. அவன் குடும்பமோ ஹங்கேரியிலிருந்து வந்தது. மெக்கின்டயர் என்றால் அமெரிக்கப் பெயராக்கும் என்று நினைத்து வைத்துக்கொண்டவர்கள்.

பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த கதை நமக்குப் பழக்கம். இது தலைகீழ். ஓட்டல்காரரிடம் அறை எடுத்துவிட்டு, ஊர்க் கணக்கரைப் பார்க்கப் பக்கத்துக் கதவைத் தட்டினால் அங்கும் அதே ஆள் உட்கார்ந்திருக்கிறார். வழியில் காரில் அடிபட்ட முயலுக்குப் பெயர் வைத்துப் பாசமாகத் தூக்கி வந்தால், ராத்திரி அது தட்டில் குழம்பாக வருகிறது. அதற்கு அத்தான் நன்றாகவே சிரித்தார். தூங்கியது அப்புறம்தான்.

அக்காவின் குறைக்கு வருகிறேன். "ஊரையே வாங்க வர்றான், ஒருத்தன்கூட எதிர்த்து நிக்கலையே!" நாம் பார்த்து வளர்ந்த படங்களில் இந்த இடத்தில் பஞ்சாயத்து கூடும், பெரியவர் ஒருவர் மண்ணை அள்ளிக் காட்டி வசனம் பேசுவார். ஃபெர்னஸ்காரர்களும் கூடுகிறார்கள், அதுவும் தேவாலயத்தில், வந்தவனுக்குத் தெரியாமல். எதற்கு? ஆளுக்கு எவ்வளவு தேறும் என்று பேச! விலையை ஏற்றுவதற்காக ஓட்டல்காரர் அவனை நாள்கணக்கில் காக்க வைக்கிறார். மொத்த ஊரும் விற்கத் துடிக்கிறது.

படத்தின் பெரிய நகைச்சுவையே இதில்தான் இருக்கிறது என்பேன். அங்கே சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் அதைச் சாப்பிடுவதில்லை, விலை கட்டாது என்கிறார்கள். இதே பதிலை நான் தூத்துக்குடிப் பக்கம் காதாரக் கேட்டிருக்கிறேன். அலையும் அந்தியும் வந்து போகிறவனுக்கு அழகு. அங்கேயே கிடப்பவனுக்கு மழை, குளிர், கடன். வடகடலில் ஃபோர்ட்டீஸ் என்ற எண்ணெய் வயலை 1970-இல் கண்டுபிடித்த பிறகு, ஸ்காட்லாந்தின் துறைமுக நகரான அபர்டீன் பக்கம் எவ்வளவு பணம் புரண்டது என்பதை அந்தக் கரைக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். நமக்கும் வராதா என்று அவர்கள் நினைத்தால் தப்பா?

மெக்கின்டயர் ஊர்மேல் காதல் கொள்வதும், ஊர் மூட்டை கட்டத் தயாராவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. போதையில் அவன் ஓட்டல்காரரிடம் உன் வாழ்க்கையை எனக்குக் கொடு, என் போர்ஷே காரையும் வேலையையும் நீ எடுத்துக்கொள் என்று பேரம் பேசுகிறான். அவர் மனைவியையும் சேர்த்துத்தான் கேட்கிறான். சிரிப்பு வருகிறது, கூடவே அவன்மேல் பரிதாபமும் வருகிறது.

சரி, எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். கால்விரல்களுக்கு நடுவே சவ்வு உள்ள கடல் ஆய்வுப் பெண் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. முடிச்சு அவிழும் இடமும் சோம்பேறித்தனம். கடற்கரைக்குச் சொந்தக்காரரான கிழவர் பென் மட்டும் விற்க மறுக்கிறார். என் கைப்பிடியில் இருக்கும் மணலில் துகளுக்கு ஒரு பவுண்டு தருவாயா என்று அவர் கேட்க, இவன் ஏதோ சூது என்று பயந்து வேண்டாம் என்கிறானே, அது அருமையான காட்சி. ஆனால் அடுத்து எண்ணெய் கம்பெனி முதலாளியாக நடிக்கும் பர்ட் லங்காஸ்டர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, கிழவரோடு குடிசைக்குள் போய்ப் பேசி, எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார். கைக்கு எட்டிய பணம் போன ஊர்க்காரர்களின் முகத்தைப் படம் சரியாகப் பார்ப்பதே இல்லை. அக்கா அந்த இடத்தில் உச்சுக் கொட்டினாள். நியாயம்.

இன்னொன்று. ஊரைப் படமெடுத்தது ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பென்னன் என்ற கிராமத்தில். அந்த வெள்ளை மணல் கடற்கரையோ மேற்குக் கரையில் கேமஸ்டாராக்கில், நாட்டின் அந்தப் பக்கம். மெக்கின்டயர் மயங்கிய ஊர் முழுசாக ஒரே இடத்தில் எங்குமே இல்லை.

கடைசிக் காட்சிக்கு ஒரு முன்கதை உண்டு. சந்தோஷமான முடிவு வேண்டும் என்று ஸ்டுடியோ தரப்பில் நெருக்கினார்கள். ஃபோர்சைத் அதற்கு மசியாமல், கையில் இருந்த காட்சித் துண்டு ஒன்றை மட்டும் கடைசியில் ஒட்டினார். ஹூஸ்டன் வீட்டுக்குத் திரும்பிய மெக்கின்டயர் சட்டைப்பையிலிருந்து சிப்பிகளை எடுத்து வைக்கிறான், பால்கனியில் நின்று நகரத்தைப் பார்க்கிறான். வெட்டினால், ஃபெர்னஸின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. வானத்தில் வண்ண ஒளி ஆடுவதை முதலாளிக்கு அவன் குழறிக் குழறி வர்ணித்தானே, அதே கூண்டு. மணி அடிக்கிறது. மார்க் நாஃப்ளரின் இசை தொடங்க, படம் முடிந்துவிடுகிறது.

"யாரு மாமா பண்றது? அவனா?" என்றாள் அக்கா மகள். தெரியாது என்றேன். "யாராவது எடுப்பாங்களா?" அதுவும் தெரியாது. மறுபடி ஓட்டினாள்.

மூன்றாவது தடவை மணி அடித்தபோது அத்தான் திடுக்கிட்டு விழித்து, "எவ்வளவு நேரமா அடிக்குது, யாராவது எடுங்களேன்!" என்றார்.